பாசிக்கு இட்ட பெயர்கள்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியன் பாசியைப் பற்றி எழுதுவது மரபன்று. ஆயினும் சென்ற மாரியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று எம்மை இவ்வழியில் இழுத்துவிட்டது.

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் இருவர், போத்தலொன்றிற் பச்சை நீரை எடுத்துக்கொண்டு தமிழறை வாயிலில் வந்து நின்றனர். பாடநூலில் அல்கா என்றிருக்கிறது, அதற்கு நல்ல தமிழ்ச்சொல் யாது என்று கேட்டனர். பாசி என்றோம். அவர்கள் மகிழ்ந்து போயிருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. போகவில்லை. வாவியில் வலைக்குள் சிக்கிவரும் கொடியையும் ஊரார் பாசி என்கின்றனரே, அது பூக்கிறதே, பூப்பதும் பூவாததும் ஒரே பெயருக்குள் அடங்குமா என்றனர். எமக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். ஆசிரியத் தொழிலில் இச்சொற்றொடர் எத்தனை முறை எம்மைக் காத்திருக்கிறது என்பதை அன்பர்கள் அறிவர்.

இவ்வாவிக்கரையிற் பிறந்த தமிழாசிரியன் ஒருவன் அறிவியற்சொல் தேடப் புறப்பட்டால் முதலிற் போய் நிற்குமிடம் விபுலாநந்த அடிகளின் திருவடியே. காரைதீவில் 1892இல் தோன்றிய அடிகள், அறிவியற் பட்டம் பெற்று இரசாயனம் கற்பித்த பின்னரே தமிழ்ப் பேராசிரியரானவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சொற்களை அடிகளார் காலத்தில் ஆக்கினர். அச்சொற்களுக்குரிய பொருள்களை அதே சென்னையில் அந்நாளில் ஆராய்ந்துகொண்டிருந்தோர் யாவர் என்று தேடினோம். அத்தேட்டத்தில் எதிர்ப்பட்டவரே பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியலார் போற்றும் இவர், தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கல்லூரி ஆசிரியராய்க் கழித்தவர். மாணாக்கரை ஆராய்ச்சியாளராக்கும் கலை எத்தகையது என்பதை அவர் வாழ்க்கையினின்று ஓரளவு உணர்ந்தோம். உணர்ந்ததை ஈண்டு உரைக்கின்றோம்.

ஐயங்கார் 1886இற் சென்னையிற் பிறந்தவர். மாநிலக் கல்லூரியிற் கற்றுச் சிலகாலம் அரசினர் நூதனசாலையிற் பணிபுரிந்தார். 1911இற் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளரானார். அதாவது, ஆய்வாளர்களை உருவாக்குமுன் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் பள்ளிக்கூட வாத்தியார்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் பத்திரமொன்றையே கையிற் கொண்டுள்ள எம்போன்றோர்க்கு இச்செய்தி எத்துணை இனிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் 1920இல் மாநிலக் கல்லூரித் தாவரவியற் பதவி அவரை வந்தடைந்தது.

அக்கல்லூரியில் அப்போது ஆய்வு புதுவதாய்த் துளிர்த்துக்கொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய பைசன் என்னும் ஆங்கிலேயர், நீலகிரி, பழனி மலைமுகடுகளின் செடிகொடிகளைத் தொகுத்து நூலாக்கியவர். 1919இல் இந்தியத் தாவரவியலுக்கெனத் தனி ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கினார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கும் வினாத்தாளுக்கும் இடையிலே ஆய்விதழையும் நடத்தினார் என்றால், நேரம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பைசன் மலையேறினார். ஐயங்காரோ குனிந்து பார்த்தார். கோயிற் குளம், மழைக்குட்டை, ஈரச்சுவர், வற்றிப்போகும் பள்ளத்துச் சேறு என யாவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகும் இடங்களே அவருடைய ஆய்வுக்களம். பாம்பனுக்கு அருகேயுள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார். அத்தீவைச் சூழ்ந்த கடல் மன்னார்க் கடலே. அதன் மறுகரை நம்முடையது. ஏழைக் கல்லூரிக்குப் பாசியைப் போல ஏற்ற ஆய்வுப்பொருள் பிறிதில்லை என்பது எமது துணிபு. அதற்குக் கப்பல் வேண்டா, மலைப்பயணம் வேண்டா. போத்தலும் நுணுக்குக்காட்டியும் வரைதாளும் போதும். நான்காவதாகப் பொறுமை வேண்டும். அதனை எவரும் நன்கொடையாகத் தரமுடியாது.

நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் ஐயங்கார் மீண்டும் மாணாக்கரானார். இலண்டன் சென்று, பாசியியலிற் பேரறிஞராய் விளங்கிய பிரிட்ஷ் என்பாரிடம் ஆய்வு செய்து 1930இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிரிட்ஷ் 1879இற் பிறந்தவர். மாணாக்கரிலும் ஏழே ஆண்டுகள் மூத்தவர். இந்தப் பிரிட்ஷ் நம் நாட்டுக்குப் புதியவரல்லர். இலங்கையின் நன்னீர்ப் பாசிகளையும், பாறையிலும் மரப்பட்டையிலும் சுவரிலும் படியும் பாசிகளையும் ஆராய்ந்து 1907இல் விரிவான கட்டுரை வெளியிட்டவர். வெற்றுப்பாறையிலே முதலிற் குடியேறி, பின்வரும் செடிக்கு இடஞ்செய்து கொடுப்பவை நீலப்பச்சைப் பாசிகளே என்று அவர் கண்டதற்கு இலங்கையின் ஈரமும் வெயிலும் சான்றாயின. நம் மதிற்சுவரில் மாரிகாலத்திற் கறுத்துப் படிவதைச் சுண்ணாம்பு பூசி மறைக்கின்றோமே, அதுவேதான்.

இனி, ஆய்வு வழிகாட்டல் என்பது வகுப்பறைக் கற்பித்தலினின்று எங்ஙனம் வேறுபடுகிறது என்பதைக் கூறுதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியருக்கு விடை தெரியும், மாணாக்கருக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இருவர்க்கும் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டினின்றே ஏனையவெல்லாம் பிறக்கின்றன.

பாசியின் வாழ்க்கை வட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்குப் பச்சைத் தூளாய்த் தோன்றுவது, ஆண்டில் ஒருசில நாள்களில், அந்நாள்களிலும் ஒருசில நாழிகையில் மட்டுமே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம். அந்நாழிகையைத் தவறவிட்டால் அடுத்த மாரிவரை காத்திருத்தல் வேண்டும். காலையில் மூன்று பாடவேளை எடுக்கும் ஆசிரியர் தனியே இதனைச் செய்துமுடிப்பது எளிதன்று. இளங்கண்கள் வேண்டும், விழித்திருக்கும் உடம்பு வேண்டும். மாணாக்கரோ, கண்டதைக் கண்டோம் என்று துணிந்து சொல்ல அனுபவம் போதாதவர். ஆகவே இருவரும் சேர்ந்தே காணவேண்டியிருக்கிறது. மாணாக்கரை ஆய்விற் சேர்ப்பது ஆசிரியர் இரங்கிச் செய்யும் உபகாரம் என்று நினைப்போர் உளர். உயிரியலைப் பொறுத்தவரை அது உபகாரமன்று, தேவை.

உதாரணம் ஒன்று கூறுவோம். சைக்கிளோதெல்லா என்பது கண்ணாடியை ஒத்த ஓடுடைய நுண்பாசி. அதன் ஓடு செப்பும் மூடியும் போல ஒன்றன்மேலொன்று பொருந்திய இரு பாதிகளால் ஆயது. கலம் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குள் அடங்கும் புதுப் பாதியொன்றை ஆக்கிக்கொள்ளும். செப்பைப் பெற்ற சேய் அதற்குள் அடங்கும் சிறு செப்பையே ஆக்கவேண்டியிருத்தலால் அது தாயினுஞ் சிறிதாகும். இப்படியே தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டு போனால் இறுதியில் என்னாகும்? ஒரு கட்டத்திற் கலம் ஓட்டைக் கழற்றியெறிந்து பருத்துப் பழைய அளவை மீண்டும் பெறுகிறது. அவ்வேளையிற் கலத்தின் கருவுக்குள் நிகழ்வது யாது என்பதே வினா. அங்கே குறைபாட்டுப் பிரிவு நிகழ்கிறது என்பதை ஐயங்காரும் ஆர். சுப்பிரமணியனும் சேர்ந்து கண்டு 1940களிற் கட்டுரைகள் வெளியிட்டனர். ஆசிரியர் பெயர் முன்னும் மாணாக்கர் பெயர் பின்னுமாக அச்சேறின. பின்னால் நிற்பது குறையா என்று கேட்பவர், அதன் பின் நிகழ்ந்ததையும் நோக்குக. சென்னைக் கடற்கரையின் மிதவை நுண்பாசிகளைப் பற்றி 1946இல் வந்த பெருங்கட்டுரையிற் சுப்பிரமணியனின் பெயர் மட்டுமே நிற்கிறது.

ஏனையோரும் அவ்வாறே. கே. ஆர். இராமநாதன் ஆசிரியரோடு சேர்ந்து சில கட்டுரைகள் எழுதிப் பின் இழைப்பாசிகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். அது 1964இல் வெளிவந்தது. (இப்பெயருடைய பௌதிக அறிஞர் வேறொருவர், மயங்கற்க.) டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட நூலை அத்துறையினர் இன்றும் மேசைமேல் வைத்திருக்கின்றனர். காந்தம்மா என்பாரோடு சேர்ந்து ஐயங்கார் 1940இல் ஒரு புதிய பாசிச்சாதியையே உலகுக்கு அறிவித்தார். பெண்கள் ஆய்வுக்கூடத்துக்குள் அடிவைப்பதே அரிதாயிருந்த காலம் அது.

ஐயங்காரிடம் நிறைவன்றிக் குறையும் உண்டு. அதனை மறைத்தால் இது கட்டுரையாகாது, உபசாரப் பத்திரமாகும். கண்டதையெல்லாம் அவர் உடனே அச்சிற் கொடுக்கவில்லை. வொல்வொக்ஸ் என்னும் உருண்டோடும் பச்சைப்பாசியையும் அதன் சுற்றத்தையும் பற்றி 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முழுநூல் அவர் வாழ்நாளில் வரவில்லை. 1944இற் பதவியினின்று ஓய்ந்த பின்னரும் ஆய்வை விடாதிருந்து 1963இல் மறைந்தார். நூல் வெளிவந்தது 1981இல். முடித்தவர் தேசிகாச்சாரி. முகப்பில் ஆசிரியர் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்தார். பதினெட்டாண்டு கழிந்து, கேட்பாரற்ற கடனொன்றை மாணாக்கர் தீர்த்தார் என்றே யாம் கொள்கின்றோம்.

இப்போது, தமிழாசிரியனாகிய எமக்கு உரிய இடத்துக்கு வருகின்றோம். அது பெயர்.

ஐயங்கார் இலண்டனிலிருந்து மீண்டபின், வற்றிக்கொண்டிருக்கும் மழைக்குட்டைச் சேற்றினின்று எடுத்த பாசியொன்றை 1932இற் புதுச்சாதியாக அறிவித்தார். அதற்குத் தம் ஆசிரியர் பெயரை இட்டுப் பிரிட்ஷியெல்லா என்றழைத்தார். 1953இல் தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளுள் ஒரு புதுச்சாதி கண்டார். அதற்கு ஐயங்காரியெல்லா என்று பெயர். அதன் இனங்களுள் ஒன்று திருப்பதியின் பெயரைத் தாங்கியது. தேசிகாச்சாரி 2005இல் மறைந்தார். 2019இல் இந்திய ஆய்வாளர் சிலர், நொஸ்டொக் என்னும் பாசியோடு மயங்கிக்கிடந்த ஒரு கூட்டத்தைப் பரம்பரையலகுச் சான்றுகொண்டு பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தேசிகாச்சார்யா. எம்மவர் குருபரம்பரையை ஏட்டில் எழுதினர். இவர்கள் பாசியில் எழுதினர்.

நன்னூல் பயின்ற அன்பர்களுக்கு இதில் ஒரு பழக்கமான சாயல் தோன்றும். நூலொன்றுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் யாவர் என்று பவணந்தியார் கூறுமிடத்து, நூல் செய்தோனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றோன், அவன் மாணாக்கன், உரைகாரன் என்போரைக் குறிக்கின்றார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. தன்னைத் தான் புகழலாகாது, தன்னை அறிந்தவர் தன் பெயரை நிறுத்தலாம் என்பதே இதன் கருத்து. தாவரவியலாரிடமும் இந்நாகரிகமே நிலவுகிறது. புதுச்செடிக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அவர்களிடையே நகைப்புக்கிடமாகும்.

பிரிட்ஷியெல்லாவின் கதை இத்தோடு முடியவில்லை. அப்பாசியின் ஒரு பகுதி சேற்றுக்குள் கிழங்குபோற் திரண்டு கிடக்கும். கீழே வேரையொத்த இழை ஓடும். மேலே பச்சைக் கிளைகள் நிமிர்ந்து நிற்கும். குட்டை வற்றினால் மேற்பகுதி மாயும். கிழங்குப்பகுதி ஈரங்காக்கும் கலங்களோடு அடுத்த மழைக்குக் காத்துக்கிடக்கும். நீரில் வாழ்ந்த பாசி நிலத்துச் செடியாய் மாறிய வரலாற்றுக்கு இது ஒரு சான்றாகலாம் என்று அந்நாளில் அறிஞர் கருதினர். பிரிட்ஷ் அவர்களே அக்கருத்துக்கு முன்னின்றவர். உலகெங்கணும் பாடநூல்களில் இச்சிறு பாசி இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

அக்கருத்து இன்று நிலைபெறவில்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டியும் அதன்பின் வந்த பரம்பரையலகு ஆய்வும், பிரிட்ஷியெல்லா பச்சைப்பாசிகளின் மற்றொரு கிளையைச் சேர்ந்தது என்று காட்டின. நிலச்செடிகளுக்கு நெருங்கிய சுற்றம், காராவும் ஸ்பைரோகைராவும் அடங்கிய கூட்டமே. காராவின் இனம் ஒன்று 1805இலேயே நம் நாட்டின் பெயரைப் பெற்றிருக்கிறது: காரா சைலானிக்கா. சேற்றில் வாழவேண்டிய நெருக்கடி, உறவில்லாத இரண்டுக்கு ஒத்த வடிவைக் கொடுத்தது என்பதே இன்றைய விளக்கம்.

ஆசிரியரும் அவர்தம் ஆசிரியரும் சேர்ந்து கண்ட பொருள்விளக்கம் வீழ்ந்தது. எனினும் 1932இல் வரைந்த படம் வீழவில்லை. அச்சேற்றில் அப்பாசி அவ்வடிவிலேயே இருக்கிறது. யார் போய்ப் பார்த்தாலும் இருக்கும். இது எம்மை வெகுவாய்ச் சிந்திக்கவைத்தது. மாணாக்கருக்கு எமது கருத்தைக் கொடுக்கின்றோமா, காணும் முறையைக் கொடுக்கின்றோமா? இலக்கியம் கற்பிக்கும் எம்மிடமும் இவ்வினாவுக்கு இடமுண்டு. உரைகாரர் ஒருவர் சொன்ன பொருளை மனனஞ் செய்வித்துப் புள்ளி வாங்கிக் கொடுக்கின்றோம். செய்யுளை அவர்களே நின்று பார்க்கும்படி விட்டதுண்டா?

நம் கரைக்கு மீள்வோம். கடற்பாசிகளைப் பொறுத்தவரை இந்நாட்டிலும் ஒருவர் முயன்றார். கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக எம். துரைரத்தினம் இலங்கைக் கடற்பாசிகளைப் பற்றிய பெருந்தொகுப்பொன்றை 1961இல் வெளியிட்டார். மட்டக்களப்பில் உயர்கல்வி நிலையம் வேண்டுமென்ற நெடுநாளைய ஏக்கம் 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தளிர்த்து 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்குமுன் அறிவியல் கற்க விரும்பிய நம் பிள்ளைகள் கொழும்புக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மூட்டை கட்டினர். இப்போது பல்கலைக்கழகம் வாவியின் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி, முகத்துவாரத்தில் உவர்ப்பும் உட்பகுதியில் நன்னீருமாய், மாரிக்கும் கோடைக்கும் குணம் மாறும் வாவி, நம் வாயிலில் கிடக்கிறது. நுணுக்குக்காட்டியோ அலுமாரிக்குள் உறங்குகிறது. யாம் படிப்பித்த கல்லூரியொன்றில் அதன் திறப்பு எவரிடம் உள்ளது என்பதே ஓராண்டாய்த் தெரியாதிருந்தது. பெயர் வேண்டா.

பிறரைச் சொல்லுமுன் எம்மைச் சொல்லவேண்டும். பதினைந்து ஆண்டுகளின் முன், பத்தாம் வகுப்பில் மாரிகாலம் என்னும் பொருளில் கட்டுரை எழுதுவித்தோம். முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் முப்பத்தேழில் மயிலாடியது. ஒன்றில் ஆடவில்லை. படுவான்கரையிலிருந்து நாடோறும் தோணியிலும் பின் சைக்கிளிலும் வந்துகொண்டிருந்த மாணவன் எழுதியது அது. கோடை முழுவதும் தங்கள் வட்டையின் மண் வெடித்துக்கிடந்தது என்றும், முதல் மழை விழுந்து மூன்றாம் நாள் அவ்வெடிப்புகளின் ஓரம் பச்சைப்பொடி படர்ந்தது என்றும், ஒருவரும் விதைக்காதது எங்கிருந்து வந்தது என்று தகப்பனைக் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தான். யாம் ஐந்து சந்திப்பிழைகளைத் திருத்தினோம். ஓரத்திற் பொருளினின்று விலகல் என்று சிவப்பு மையால் எழுதினோம். இருபதுக்குப் பதினொன்று கொடுத்தோம்.

நல்லாசிரியரல்லாதவருக்கு நன்னூலார் கூறும் உவமைகளில் ஒன்று மடற்பனை. உச்சியிற் பழமிருக்கும், கருக்குமட்டை எவரையும் ஏறவிடாது. அன்று அப்பனையாய் நின்றோம். அவன் அதன்பின் கட்டுரையில் மயிலாடவிட்டுப் பதினைந்துக்குக் குறையாமற் புள்ளி பெற்றான் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அம்மாணவர் இன்று நம் பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினர், வயல் செய்கின்றார், இம்மலரை வாசிப்பார் என்றே நம்புகின்றோம். தம்பி, நீர் கேட்ட வினாவுக்கு விடை இது. அது எங்கிருந்தும் வரவில்லை. கோடை முழுவதும் அங்கேயே கிடந்தது. தடித்த சுவருடைய கலங்களாயும், நீர் வற்றிச் சுருங்கிய இழைகளாயும் வெடிப்புக்குள் உயிரடக்கிக் கிடந்து, மழை பட்டதும் விழித்தது. அதிற் சில நீலப்பச்சைப் பாசிகள். அவை உண்மையிற் பற்றீரியா வகையினவே என்று இன்று வகுத்திருக்கின்றனர். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்க அவற்றுட் பல வல்லன. பிரிட்ஷ் தம்மிடம் பயின்ற டே என்னும் வங்க இளைஞரோடு சேர்ந்து 1938இல் அவ்வாற்றலைப் பற்றி எழுதினார். நெல்வயலுக்கு அது எங்ஙனம் பயன்படுகிறது என்பதை டே மறுவருடம் தனித்து விளக்கினார். உம்முடைய தகப்பனார் பசளை வாங்கப் பணமில்லாத போகத்திலும் ஓரளவு நெல் கண்டாரே, அதற்கு அப்பச்சைப்பொடியும் ஒரு காரணமாயிருக்கலாம்.

போத்தலோடு வந்த மாணவர் இருவருக்கும் கொடுக்கவேண்டிய விடையும் உண்டு. பூப்பது பாசியன்று, ஊரார் அழைப்பது வழக்கு, நூலோர் வகுப்பது வேறு. இதனை மறுநாளே சொன்னோம். வருகிற மாரியில் முதல் மழைக்கு மூன்றாம் நாள் அவர்களைப் படுவான்கரைக்கு அழைத்துப்போக உயிரியல் ஆசிரியர் உடன்பட்டிருக்கிறார். வயலுக்குள் இறங்க அனுமதி கேட்டு வருவோம், தம்பி. நுணுக்குக்காட்டியின் திறப்பு இப்போது எம்மிடமே இருக்கிறது.